பதினாறு புள்ளி ஒன்பது

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்த ஓரத்தில் இருக்கிறவர்களும் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. ஓர் அண்ணி, ஒரு கொழுந்தன். அண்ணி ஆய்வுக்கூடத்தில் மூளையின் குருத்தணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறவள். மூச்சு முட்டினாலும் அவை சாகாமல் இருக்க ஒரு மருந்து கிடைக்காதா என்று தேடுகிறவள். ஐந்து மாதக் கர்ப்பிணி. கொழுந்தன் மீட்டர் ரிப்பேர் செய்கிறவன். அவன் வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் வேலை ஓடவில்லை. இனி நான் குறுக்கே வாயைத் திறக்கமாட்டேன். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

— பொய் சொல்லுது தம்பி, இந்த மீட்டர். வாரா வாரம் பொய் சொல்லுது.

— மீட்டர் பொய் சொல்லாது அண்ணி. அசதியாகும். நமக்கு மூட்டு தேயுற மாதிரி அதுக்கு உள்ள இருக்கிற சென்சார் தேயும். நம்ம தொழில்ல அதுக்கு இறங்குறதுன்னு பேரு. இன்னிக்குக் காலையில எவ்வளவு காட்டுச்சு?

— இருபது புள்ளி ஆறு.

— சாதாரணக் காத்துல எவ்வளவு காட்டணும்?

— இருபது புள்ளி ஒன்பது. நூறு பங்கு காத்துல ஆக்சிஜன் அவ்வளவுதான், உலகம் பூரா அதேதான்னு நீதானே போன்ல பாடம் எடுத்தே. நீ சொன்னபடியே, ‘இதுதான் சாதாரணக் காத்து’ன்னு மீட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிற பட்டனை அமுக்கிப் பிடிச்சேன். கீச்சுன்னு கத்திட்டு இருபது புள்ளி ஒன்பதுக்கு வந்துடுச்சு. போன திங்களும் இதே கூத்து. அதுக்கு முந்தின திங்களும்.

— எழுதி வச்சிருக்கீங்களா?

— எழுதாம? பட்டன் அமுக்குறதுக்கு முன்னாடி என்ன காட்டுச்சுன்னு பதினாறு வாரமும் இருக்கு. இந்தா, நோட்டு.

— இருபது புள்ளி ஆறு, ஏழு, அஞ்சு, ஆறு, ஆறு, ஏழு... அடடா. ஒரு வாரம்கூட மேல ஏறலையே. எப்பவும் இறக்கம்தானா?

— அதனாலதான் உன்னை நேர்ல வரச் சொன்னேன். கம்பெனி ஆளு அடுத்த வாரம்தான் வருவாராம். எனக்கு ஏது அடுத்த வாரம்? வெள்ளிக்கிழமையோட லீவு. அப்புறம் பிள்ளை பிறக்கிற வரைக்கும் படியேறக் கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு. பெட்டிக்குள்ள இருக்கிற இந்த முப்பது தட்டுதான் கடைசி. நாலு மணிக்கு வெளிய எடுக்கணும். இதுவும் செத்துக் கிடந்தா பெரியவர் இந்த மருந்தையே மூட்டை கட்டச் சொல்லிடுவார்.

— பெரியவர்னா, அந்த வழுக்கைத் தலையா?

— எங்க தலைவர்டா அவர். மரியாதையாப் பேசு.

— தலைவர்தான், தலையில ஒண்ணும் இல்லைன்னேன். கோவிச்சுக்காதீங்க. எனக்கு முதல்லேர்ந்து சொல்லுங்க, நான் பத்தாவதோட நின்னவன். இந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

— இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நைட்ரஜனை விடுவோம். அது உள்ள இருக்கிற காத்தை வெளிய தள்ளிடும். ஆக்சிஜன் ஒரே ஒரு சதவீதம் மிஞ்சுற வரைக்கும் தள்ளும். தட்டுல இருக்கிறது மூளையோட ஸ்டெம் செல். அதுலேர்ந்துதான் மூளையில மத்த எல்லா செல்லும் கிளைக்கும். செடிக்குக் குருத்து மாதிரின்னு வச்சுக்கோ.

— அந்தக் குருத்துக்கு மூச்சுமுட்ட வைக்கிறீங்க.

— ஆறு மணி நேரம். பாதித் தட்டுல மருந்து இருக்கு, பாதியில இல்ல. பிறக்கும்போது சில பிள்ளைங்க அழாம, நீலமா வருமே. அதுங்க தலைக்குள்ள இதேதான் நடக்குது. அந்தக் கொஞ்ச நேரம் குருத்தைக் காப்பாத்திட்டா, மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்.

— உங்களுக்கு மனசு வருதா அண்ணி? எறும்பைக்கூட ஊதித்தானே விடுவீங்க.

— வராது. வெளிய எடுக்கும்போது மருந்து போடாத தட்டுகிட்ட மன்னிப்புக் கேட்பேன். சிரிக்காதே.

— சிரிக்கலை. சரி, இப்போ என்ன கெட்டுப்போச்சு?

— முன்னாடி மருந்து போட்ட தட்டுல பத்துக்கு எட்டு பிழைக்கும். இந்த நாலு மாசமா அஞ்சைத் தாண்டலை. அதே மருந்து. அதே கை.

— மருந்து போடாததுல?

— முன்னாடி நாலு. இப்போ ஒண்ணு. சில நாள் அதுவும் இல்ல. தப்பு பெட்டியிலயா, மருந்திலயா, இந்த மீட்டர்லயா, என்கிட்டயான்னு யோசிச்சு யோசிச்சுத் தலை... ஆவ்...

— கொட்டாவி விடாதீங்க, எனக்கும் ஒட்டிக்குது. வந்ததுலேர்ந்து எனக்கும் கண்ணைச் சொக்குது.

— எனக்கு நாள் பூரா இப்படித்தான். பதினொரு மணி ஆனா தலைமேல யாரோ உட்கார்ந்த மாதிரி கனம். நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும், நெஞ்சு படபடங்கும். டாக்டரம்மா பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம்னுட்டாங்க.

— அண்ணனும் சொன்னார். ரெண்டு தடவை கை நழுவிப் போச்சு, இந்தத் தடவை உங்க அண்ணியைக் குனியக்கூட விடாதேன்னு என்கிட்ட ஒரு பெரிய பட்டியலே கொடுத்தார்.

— அவரா? நான் தும்மினாக்கூட என் முகத்தைப் பார்க்கமாட்டார், வயித்தைத்தான் பார்ப்பார்.

— சரி, தள்ளுங்க. குழாய்க்குச் சோப்புத் தண்ணி வச்சுப் பார்த்தாச்சு. மூட்டுல கொஞ்சம் நுரை வருது, ரப்பர் வளையம் விரிஞ்சிருக்கு. போறப்போ மாத்திட்டுப் போறேன், அது பெரிய விஷயமில்ல. இப்போ என்னோட மீட்டரை எடுக்கிறேன். நேத்துதான் கடையில வச்சுச் சரிபார்த்தது. ரெண்டையும் பக்கத்துல வச்சா யாரு திருடன்னு தெரிஞ்சுடும்.

— எவ்வளவு காட்டுது?

— அடடா.

— என்ன அடடா?

— பதினாறு புள்ளி ஒன்பது.

— பெட்டிக்குள்ளயா வச்சிருக்கே?

— இல்ல அண்ணி, கையிலதான். உங்களுக்கும் எனக்கும் நடுவுல. ஒண்ணுமில்ல, வர்ற வழியில பை வண்டியிலேர்ந்து விழுந்துச்சு. உள்ள எதோ கலங்கியிருக்கும்.

— நல்ல மெக்கானிக்கைப் பிடிச்சேன் போ! ஒண்ணைச் சரிபண்ண வந்து ரெண்டாவதையும் கெடுத்துக்கிட்டு நிக்கிறே.

— பேட்டரியை மாத்துறேன், பொறுங்க. ம். பதினாறு புள்ளி ஒன்பது. இந்த மூலையில? பதினாறு புள்ளி எட்டு.

— அதுக்கும் பட்டனை அமுக்கேன்.

— அமுக்கலாம்தான்... இருங்க. ஒண்ணு இருபது புள்ளி ஒன்பதுங்குது, இன்னொண்ணு பதினாறுங்குது. நடுவுல ஒரு சாட்சி வேணும். ரெண்டையும் வெளிய வராந்தாவுக்குக் கொண்டு போறேன். படிக்கட்டுப் பக்கம் ஜன்னல் திறந்திருக்கில்ல?

— திறந்துதான் இருக்கும். கதவைச் சாத்திட்டுப் போ, தூசி வரும். நான் அதுக்குள்ள தட்டையெல்லாம் வரிசை மாத்தி வைக்கிறேன்.

— அண்ணி!

— கத்தாதே, கதவு மூடியிருந்தாலும் கேட்குது. கை ரெண்டும் பெட்டியோட கையுறைக்குள்ள இருக்கு.

— என்னோடது வெளிய இருபது புள்ளி ஒன்பது காட்டுது. சுத்தமா நிக்குது.

— அப்போ பிழைச்சுக்கிச்சு. என்னோடது?

— இருபத்தஞ்சு புள்ளி எட்டு.

— பார்த்தியா, நான் சொன்னேன்ல? காத்துல எங்கேயாவது இருபத்தஞ்சு இருக்குமா? சென்சாரை மாத்து, வேலை முடிஞ்சுது.

— அண்ணி, ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தலைவலி வருதா?

— இப்போ எதுக்கு அது?

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களேன்.

— வராது. ஞாயிறு நல்லாத்தான் இருக்கும். வேலை இல்லைல்ல, அதான்.

— கையை வெளிய எடுங்க.

— முடியாது. ஒரு தட்டு விளிம்புல நிக்குது, விட்டா கவிழ்ந்துடும்.

— கவிழட்டும்.

— தம்பி, மூணு வருஷ உழைப்பு இது!

— கதவைத் திறந்துட்டேன், பாருங்க. உங்க காலைத் தொட்டுக் கேட்கிறேன். கையை உருவிட்டு வெளிய வாங்க. ஓடாதீங்க, மெதுவா நடந்து வாங்க. அந்த ரூம்ல காத்து இல்ல.

— என்ன உளர்றே? நான் உள்ளதானே நிக்கிறேன். மூச்சு விட்டுக்கிட்டுத்தானே பேசுறேன்.

— விடுறீங்க. இருபத்தொண்ணு வரவேண்டிய இடத்துல பதினேழு வருது. இறங்கினது மீட்டர் இல்ல அண்ணி. ரூம்.

— ...வர்றேன்.

— இப்படி ஜன்னல் பக்கமா உட்காருங்க. நல்லா இழுத்து விடுங்க. இன்னொரு தடவை. தலை சுத்துதா?

— இல்ல. விளக்கமாச் சொல்லு, எனக்கு எதுவும் மண்டையில ஏறலை.

— பெட்டிக்குள்ள நைட்ரஜன் விடுறீங்க. அது காத்தை வெளிய தள்ளுது. எந்த வெளிய?

— பெட்டிக்கு வெளிய.

— பெட்டிக்கு வெளிய என்ன இருக்கு?

— ரூம்... ரூமுக்குள்ளயா வந்துக்கிட்டிருக்கு?

— பெட்டியிலேர்ந்து வர்றது ஒரு பக்கம். அந்த நைட்ரஜன் குழாய் மூட்டுலேர்ந்து கசியுறது ஒரு பக்கம். வளையம் விரிய விரிய, வாரா வாரம் கொஞ்சம் ஆக்சிஜன் குறைஞ்சிருக்கு. மீட்டர் ஒவ்வொரு திங்களும் அதைத்தான் சொல்லியிருக்கு. நாம பட்டனை அமுக்கி அதோட வாயை மூடினோம். பதினேழையே இருபத்தொண்ணுன்னு நம்ப வச்சுட்டோம், அதான் வெளிய நல்ல காத்தைப் பார்த்ததும் இருபத்தஞ்சுங்குது. நாம என்ன நாம, நான். சொல்லிக் கொடுத்தது நான்தானே. நம்ம தொழில்ல வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே மனசுல ஏத்திடுவாங்க, மீட்டரைச் சந்தேகப்படு, காத்தைச் சந்தேகப்படாதேன்னு. அந்தப் புத்தியை அப்படியே உங்களுக்குப் போன்ல வித்துட்டேன்.

— பதினாறு வாரம்.

— அண்ணி...

— பேசாதே. கணக்குப் போடுறேன். அந்த மீட்டர் பெட்டிக்குள்ள ஒண்ணுன்னு காட்டினா நிஜத்துல புள்ளி எட்டுதான் இருந்திருக்கும். அதனாலதான் செத்துச்சு. மருந்து தோற்கலை தம்பி. நான் நினைச்சதைவிடக் கொடுமையான இடத்துலயும் பாதியைப் பிடிச்சு வச்சிருக்கு.

— அப்போ நல்ல சேதிதானே?

— நல்ல சேதிதான். சந்தோஷப்படத்தான் முடியலை.

— ஏன்?

— தட்டுல இருக்கிறதுக்கு மருந்தாவது இருந்துச்சு. இதுக்கு என்ன இருந்துச்சு?

— எதுக்கு?

— என் கை எங்கே இருக்குன்னு பாரு.

— ...அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி. நீங்க மூச்சு விட்டீங்கல்ல, அது போதும் அதுக்கு.

— உனக்குத் தெரியாது. குருத்து பெருகுறதே இந்த மாசங்கள்லதான். ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி... நான் மேல மைக்ராஸ்கோப்ல ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருந்தேன். கீழ எண்ண ஆளில்ல.

— டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. இல்ல, கொடுங்க, நானே போடுறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பேசுங்க.

— டாக்டரம்மா, நான்தான்.

— சொல்லும்மா. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? வலி எதுவும் இருக்கா? உதிரம் பட்டுச்சா?

— இல்ல டாக்டரம்மா. ஒரு சந்தேகம். ஆக்சிஜன் பதினேழு சதவீதம் இருக்கிற ரூம்ல தினம் ஏழு மணி நேரம் ஒரு கர்ப்பிணி இருந்தா...

— யாரு?

— நான்.

— எவ்வளவு நாளா?

— இன்னிக்குத்தான் பதினேழு. நாலு மாசமாக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு வந்திருக்கு. எங்களுக்குத் தெரியலை.

— இப்போ எங்கே இருக்கே?

— வெளிய. ஜன்னல் பக்கம். கொழுந்தன் கூட இருக்கான்.

— நல்லது. கேளு. மலைமேல குடியிருக்கிற பொம்பளைங்க இதைவிடக் குறைஞ்ச காத்துல பிள்ளை பெத்து வளர்க்கிறாங்க. கர்ப்பப் பைக்குள்ள எப்பவுமே ஆக்சிஜன் கம்மிதான், அதுக்கு ஏத்த ரத்தத்தோடதான் பிள்ளை இருக்கும். உனக்குத் தெரியாததா இது?

— தெரியும். கேட்கிறவங்களுக்கு நான் சொல்ற பதிலே அதுதான்.

— அப்போ இன்னிக்கு உனக்கே ஒரு தடவை சொல்லிக்கோ. அதுக்காக ஒண்ணுமே இல்லைன்னு போன்ல அடிச்சுச் சொல்ல நான் ஜோசியக்காரி இல்ல. நாலரைக்கு ஸ்கேனுக்கு வந்துடு. வளர்த்தி பார்க்கிறேன், தலைச் சுற்றளவு பார்க்கிறேன், நாடி பார்க்கிறேன். அதுக்கு அப்புறம் பயப்படலாமா வேண்டாமான்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணுவோம்.

— சரி.

— இன்னொண்ணு. தலைவலி, படபடப்புன்னு மூணு தடவை சொன்னே. மூணு தடவையும் நான் கர்ப்பத்து மேல பழியைப் போட்டேன். எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வாம்மா. அந்த ரூம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே.

— போனை வச்சுட்டாங்க அண்ணி. கேட்டீங்கல்ல? மலைமேல இருக்கிறவங்களே...

— அவங்க உடம்பு தலைமுறை தலைமுறையாப் பழகினது தம்பி. என்னோடது ரெண்டு தடவை தோத்த உடம்பு.

— நான் ஒண்ணும் பேசலை. எந்திரிங்க, டாக்சி கூப்பிடுறேன். அண்ணனை நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிடலாம்.

— நாலு மணிக்குத் தட்டு எடுக்கணும்.

— அண்ணி!

— போகமாட்டேன். வேற யாரையும் அனுப்பவும் மாட்டேன். வாயால ஒரு தடவை சொன்னாத்தான் மனசு விடுது, அதான் சொன்னேன். நீ முதல்ல நைட்ரஜன் சிலிண்டரை மூடு. இங்கே வராந்தாவுலயே, அந்தத் தூண் பக்கத்துல நிக்குது பார்.

— மூடியாச்சு. இப்போ ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. இவ்வளவு கசிஞ்சாலும் ரூமுக்குக் காத்துப் போக்கு இருந்தா இப்படி ஆகவே ஆகாது. பக்கத்து ரூமுக்கெல்லாம் கதவுக்கு மேல ஒரு கம்பித் துவாரம் இருக்கே. உங்க ரூமுக்கு... இருக்கு. அட, பாவி!

— வா தம்பி, போகலாம்.

— இருங்க. எந்த மகாராசன் செஞ்ச வேலைன்னு பாருங்க. பிளாஸ்டிக் தாளை நாலா மடிச்சு, அதுமேல வெள்ளி டேப்பு, அதுக்கும் மேல குறுக்க இன்னொரு டேப்பு. கண்ணாடிச் சாமான் பார்சலைக்கூட இவ்வளவு ஒழுங்கா ஒட்டமாட்டான்.

— அந்தத் துவாரம் வழியாத்தான் தூசி வந்து தட்டுல பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரம் பூரா வளர்த்தது அப்படித்தான் போச்சு. அதுக்காக அடைச்சது.

— செல்லுக்குப் பூஞ்சை வரக்கூடாது, மனுஷி செத்தாப் பரவாயில்லையா? யாரா இருந்தாலும் சும்மா விடமாட்டேன். வழுக்கைத் தலைகிட்டேயே போய்க் கேட்கிறேன். நாளைக்கு விவரம் தெரியாம வேற யாராவது உள்ள போய் நிப்பாங்க. இதை இப்பவே கிழிச்சாகணும்.

— கிழிச்சா, உள்ள வளர்த்து வச்சிருக்கிற எல்லாத்துக்கும் பூஞ்சை வந்துடும். பெட்டியில இருக்கிற முப்பதும், அலமாரியில இருக்கிற தாய்த் தட்டும். முதல் தட்டுலேர்ந்து வந்த வம்சம் அது. மறுபடி ஆரம்பிச்சா இன்னும் மூணு வருஷம்.

— அப்போ வேண்டாமா?

— கிழி.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணி.

— யோசிச்சா வேண்டாம்னுடுவேன். கிழிடா!

— சரி, சரி. அந்த ஸ்டூலை இழுக்கிறேன். நீங்க பிடிக்க வேண்டாம், உட்காருங்க. அப்பா, எப்படி ஒட்டியிருக்கான்... வந்துடுச்சு. இதென்ன, டேப்பு மேல பேனாவால எழுதியிருக்கு. ‘உள்ளே செல்கள் உள்ளன. தயவுசெய்து திறக்காதீர்கள்.’ தேதி வேற போட்டிருக்கான் அறிவாளி. நாலு மாசத்துக்கு முந்தி, ஏழாம் தேதி. அண்ணி, இது... இது உங்க கையெழுத்து.

— அன்னிக்குக் காலையிலதான் டாக்டரம்மா பிள்ளை உண்டாகியிருக்குன்னு உறுதியாச் சொன்னாங்க, தம்பி. இந்தத் தடவை எதையும் பறிகொடுக்கக் கூடாதுன்னு, கண்ணுல பட்ட ஓட்டையையெல்லாம் தேடித் தேடி நானே அடைச்சேன்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பிறந்ததற்கும் இனிப் பிறக்கப் போவதற்கும் மூச்சுக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும். பிரியம் மிகுந்து தவறிப்போன கை உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் பிடித்துக்கொள்ள இன்னொரு கை பக்கத்திலேயே இருக்கட்டும்.